தரைக்கடியில் அரை நாள் அரை நாளாக

எங்கள் அலுவலகத்தில் அவளைக் கட்டம் என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. கம்பெனிக்கு வேலை குளிரறை கட்டித் தருவது. பழம், மருந்து, ஐஸ்கிரீம், மீன் என்று யாருக்கு எது கெடாமல் இருக்க வேண்டுமோ, அதற்கேற்ற கனத்தில் சுவரும் கதவும் செய்து கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவோம். நான் வரைபடம் போடுகிறவள். அவள் டைப்பிஸ்ட். எங்கள் இரண்டு மேஜைக்கும் பொதுவாக ஒரே ஒரு விசிறி. அது என் பக்கம் திரும்பினால் என் தாள் பறக்கும், அவள் பக்கம் திரும்பினால் அவளுடையது. பதினோரு வருஷம் மாறி மாறிக் காகிதம் பொறுக்கியே நாங்கள் சிநேகிதிகள் ஆனோம்.

அவள் கணக்கில் பட்டம் வாங்கியவள். ஆனால் கம்பெனிக்குத் தேவைப்பட்டது அவளுடைய விரல்கள் மட்டும். சுவர் எவ்வளவு கனம் இருந்தால் குளிர் வெளியே போகாது என்ற கணக்கையெல்லாம் வெளியில் ஒரு ஆலோசகர் போட்டு அனுப்புவார். சுவரின் மூலையைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் அந்த இடத்தின் வெப்பநிலையை எழுதியிருப்பார். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதைப் பார்த்துத் திருத்தமாக டைப் அடிப்பது அவள் பாடு.

ஒருநாள் அடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“இங்க பாருடி. இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் காய்ச்சல்.”

நான் எட்டிப் பார்த்தேன். அவள் விரல் வைத்த சதுரத்தில் பதினேழு என்று இருந்தது. அதற்கு மேலே ஆறு, கீழே பத்து, இடது பக்கம் நாலு, வலது பக்கம் எட்டு. இதில் என்ன என்று கேட்டேன். நாலையும் கூட்டி நாலால் வகுத்துப் பார்க்கச் சொன்னாள். ஏழு வந்தது. பிறகு அந்தத் தாளில் அதை ஒட்டாமல் தள்ளியிருக்கிற எந்தச் சதுரத்தை வேண்டுமானாலும் தொடு என்றாள். நான் எதைத் தொட்டாலும் அதன் எண் சுற்றியுள்ள நாலு எண்ணின் சராசரியாகவே இருந்தது. அந்தப் பதினேழு மட்டும்தான் குடும்பத்தோடு ஒட்டாமல் தனியாக நின்றது.

அவள் ஆலோசகருக்குப் போன் போட்டாள். யார் பேசுவது என்று அவர் கேட்டிருக்கிறார். டைப்பிஸ்ட் என்று சொன்னதும் போனை வைத்துவிட்டார். மூன்றாம் நாள் திருத்திய தாள் ஒன்று ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் வந்தது. காய்ச்சல் இறங்கி ஏழாகியிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுப் பரணில் ஏறிக் கல்லூரிப் புத்தகத்தைத் தேடி எடுத்தாளாம். முடிவுறு வேறுபாட்டு முறை என்று பல்லைப் பெயர்க்கும் பெயரில் ஒரு பாடம் இருந்தது. அதை மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறுநாளே மறந்தவள் அவள். இப்போது படித்தபோது, அது தான் தினமும் டைப் அடிக்கிற சமாசாரம் என்று தெரிந்தது. சுவரோ மண்ணோ தண்ணீரோ, எதையும் முழுசாகப் புரிந்துகொள்ள நம்மால் ஆகாது. அதனால் கட்டம் கட்டமாக நறுக்கிக்கொள். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தோடு எவ்வளவு வேறுபடுகிறது என்று பார். அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு கை மாறும். அவ்வளவுதான் விஷயம்.

சாப்பாட்டு வேளையில் இதை எனக்கும் கதவு மாட்டுகிற கதவுக்காரருக்கும் அவள் விளக்கிய விதம் வேறு. அவளுடைய வீடு ஐந்து மாடிக் குடியிருப்பில் நட்டநடுவில் இருந்தது. மேலே ஒரு குடும்பம், கீழே ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டு. வம்பு தரைத் தளத்தில் பிறந்தாலும் மொட்டை மாடியில் பிறந்தாலும், இந்த நாலு வீட்டைத் தாண்டித்தான் அவளிடம் வர வேண்டும். நாலு வீட்டுக்கும் எவ்வளவு தெரியுமோ, அதன் சராசரி அவளுக்குத் தெரியும். வெப்பமும் வம்பு மாதிரிதான் என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினாள். கதவுக்காரர் நெடுநேரம் யோசித்து, “எனக்குக் கட்டம் சரியில்லைன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா, நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்” என்றார். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர்.

கொஞ்ச நாளில் அவள் கம்ப்யூட்டரிலேயே கட்டம் போட்டு எண்களைத் தானாக ஓட விடக் கற்றுக்கொண்டாள். ஆலோசகர் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டதை ஒரே நாளில் முடித்தாள். மேனேஜருக்கு ரொம்பச் சந்தோஷம். ஆலோசகரை நிறுத்தினார். அவளை டைப்பிஸ்டாகவே வைத்துக்கொண்டார்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘உடனே’. எது கேட்டாலும் உடனே வேண்டும். லிஃப்ட் வருவதற்குள் நாலு தடவை பட்டனை அமுக்குவார். டீயை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, டீ கொண்டுவந்தவரைத் திட்டுவார். அவர் எட்டாம் மாதத்தில் பிறந்திருப்பார் என்பது கதவுக்காரரின் கணிப்பு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. நிற்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

கட்டத்தின் கணக்கோ நின்று நிதானித்துப் போவது. சுவரென்றால் ஒரு கணக்கோடு முடியும். நாளாக நாளாகக் குளிர் எப்படிப் பரவும் என்று பார்க்க வேண்டுமானால், காலத்தையும் நறுக்க வேண்டும். இன்றைக்கு இருக்கும் எண்களிலிருந்து அரை நாள் கழித்து இருக்கும் எண்கள், அதிலிருந்து அடுத்த அரை நாள் என்று அடி மேல் அடி வைத்து நடக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள். எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு அது இரண்டரை மணி நேரம் பிடித்தது. அவள் காலையில் ஓட விட்டு, விசைப்பலகை மேல் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போவாள்: ‘தொடாதீர்கள். மண் உறைந்துகொண்டிருக்கிறது.’

‘உடனே’ ஒருமுறை அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, அரை நாளுக்குப் பதில் பத்துப் பத்து நாளாகத் தாண்டினால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டார். முடியாது என்றாள். பெரிய அடி வைத்தால், ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்துக்குத் தன்னிடம் இருப்பதைவிட அதிகமாகக் கொடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி சர்க்கரை கொடுக்கப் போய் டப்பாவையே கவிழ்த்துவிட்டு, மறுநாள் அவளிடமிருந்து ஒரு மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு வருவது போல. அவள் அடுத்த நாள் லாரி கொண்டு வருவாள். கணக்கு கூத்தாடிவிடும் என்று விளக்கினாள். அவர் பாதியிலேயே போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மீன்காரம்மா வந்தார். நகரத்துக்குப் பாதி மீன் அவர் கை வழியாகத்தான் போகும். ஆஜானுபாகுவான பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எங்கள் கம்பெனி அதுவரை செய்ததிலேயே பெரிய குளிரறை அவருக்கு வேண்டியிருந்தது. நேராகத் தரைமேல் கட்டுவது, உள்ளே மைனஸ் இருபத்தைந்து.

இப்படிப்பட்ட அறைக்குத் தரைக்கடியில் ஹீட்டர் கம்பி பதிக்க வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும், ஐஸ் பெட்டிக்கு அடியில் அடுப்பா என்று. ஆனால் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி ஈரமண்ணை உறைய வைத்தால், மண் வீங்கும். வீங்கினால் தரையைத் தூக்கும். பாறாங்கல்லானாலும் தூக்கும். ‘உடனே’ அந்த ஹீட்டரை வரைபடத்திலிருந்து எடுக்கச் சொன்னார். விலையைக் குறைத்துக் காட்டினால்தான் ஆர்டர் கிடைக்கும் என்பது அவர் நியாயம். நான் அழித்தேன். அழித்த இடத்தைக் கட்டம் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் சொல்லாமலே மீன்காரம்மாவின் மண்ணைக் கட்டம் கட்டமாக நறுக்கி ஓட விட்டாள்.

முதல் வருஷம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வருஷக் கடைசியில் உறைபனிக் கோடு தரையைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கியது. மூன்றாம் வருஷம் நடுவில் ஒரு ஆள் இடுப்பளவு ஆழத்துக்கு மண் கல்லாகியிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். நானும் வரைபடத்தைச் சாக்கிட்டுப் பின்னாலேயே போனேன்.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“நம்ம கேரண்டி எத்தனை வருஷம்மா?”

“ஒரு வருஷம் சார்.”

“முதல் வருஷத்துல ஏதாவது ஆகுதா?”

“ஆகல சார்.”

“அப்ப முதல் வருஷத்தை மட்டும் எடுத்துக் குடு. அந்தம்மாகிட்ட படம் போட்டுக் காட்டிடலாம். உடனே வேணும்.”

வெளியே வந்து மேஜையில் உட்கார்ந்தாள். விசிறி அவள் தாளைத் தள்ளியது, அவள் பொறுக்கவில்லை. நான்தான் பொறுக்கி வைத்தேன்.

மறுநாள் காலையில் முகம் தெளிந்து வந்தாள். வீட்டில் இதைச் சொன்னாளாம். அவள் கணவர் பஸ் டிரைவர், அதிகம் பேசாதவர். அவருடைய தங்கை கூடவே இருக்கிறாள், பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். அந்த நாத்தனார்தான் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே சொன்னாளாம்: “அண்ணி, நீங்க வேண்டாம்னு சொன்னா கேக்க மாட்டாங்க. எங்கிட்ட வர்ற பாதிப் பேரும் அப்படித்தான். அவங்க கையாலயே வெட்டவிட்டுக் கண்ணாடியக் காட்டணும்.”

அன்றைக்குக் கட்டம் முதல் வருஷப் படங்களை ‘உடனே’ கேட்டபடி தயார் செய்தாள். மற்றவர்கள் கை பட்டுக் கணக்குக் கெடாமலிருக்க, அவள் எப்போதும் எல்லாக் கட்டங்களையும் பூட்டிவிடுவது வழக்கம். இந்தத் தடவையும் பூட்டினாள். மேலே ஒரே ஒரு மஞ்சள் கட்டத்தை மட்டும் திறந்து வைத்தாள். அதில் ‘ஓர் அடிக்கு எத்தனை நாள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் அரை என்று போட்டிருந்தாள். இதை மட்டும் ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

“பூட்டலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் எதுக்கு, பெரியவங்க யாராவது தொடணும்னு ஆசைப்படுவாங்க, பாவம்னு விட்டுட்டேன்.”

மீன்காரம்மா வந்த அன்று கட்டத்தை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார் ‘உடனே’. ப்ரொஜெக்டருக்கு நான் உட்கார்ந்தேன். திரையில் தரைக்கடி மண் தெரிந்தது. அறைக்குக் கீழே மெல்லிய நீலம் ஒன்று நாளுக்கு நாள் இறங்கி, வருஷக் கடைசியில் தரைக்கு அடியில் போடுகிற தெர்மக்கோலைத் தாண்டாமல் அடக்கமாக நின்றது. மண்ணுக்கு ஒன்றுமே ஆகாது, ஹீட்டரெல்லாம் வீண் செலவு என்று ‘உடனே’ முடித்துக்கொண்டார்.

மீன்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். இந்த நீலம் இறங்கிக்கொண்டே இருக்கிறதே, எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். இங்கேயே நின்றுவிடும் என்றார் ‘உடனே’. நிற்பதைக் காட்டச் சொன்னார் அந்தம்மா. தான் முப்பது வருஷமாக ஐஸோடு குப்பை கொட்டுகிறவள் என்றும், ஐஸ் ஒரு இடத்தில் நின்று தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

மேலே ஓட விடும்படி ‘உடனே’ எனக்குச் சைகை காட்டினார். ஓட விட்டேன். முந்நூற்று அறுபத்தைந்தரை, முந்நூற்று அறுபத்தாறு என்று நாள் ஊர்ந்தது. எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். இன்னும் இரண்டு வருஷம் பார்க்க வேண்டுமானால் ஒன்றே முக்கால் மணி நேரம் என்றேன். மீன்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தனக்கு அவசரமில்லை என்றார்.

‘உடனே’வால் முழுசாக ஒரு நிமிஷம்கூட இருக்க முடியவில்லை. குனிந்தார், மஞ்சள் கட்டத்தைப் பார்த்தார், என் கையிலிருந்து விசைப்பலகையை வாங்கி அரையை அடித்துப் பத்து என்று போட்டார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

முதல் அடியில் நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்புச் சதுரம் முளைத்தது. அடுத்த அடியில் அதைச் சுற்றி நாலு. பிறகு சதுரங்கப் பலகை போலச் சிவப்பும் நீலமும் மாறி மாறித் திரையெங்கும் பரவின. எண்கள் மைனஸ் நாற்பது, பிளஸ் தொண்ணூறு என்று தொடங்கின. அடுத்து மைனஸ் மூவாயிரம், அதன் பக்கத்திலேயே பிளஸ் ஐம்பதாயிரம். அப்புறம் எண்களுக்குக் கட்டத்தில் இடம் போதாமல் வேலி வேலியாக ஏதோ குறி வந்து நின்றது.

மீன்காரம்மா அதை நிதானமாகப் பார்த்தார்.

“நான் மீனை உறைய வைக்கத்தான் கேட்டேன் தம்பி. நீங்க வறுத்தே குடுப்பீங்க போலிருக்கே.”

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்றார் ‘உடனே’. பிறகு கட்டத்தைக் கூப்பிடச் சொன்னார். நான் கதவைத் திறப்பதற்குள் அவளே உள்ளே வந்துவிட்டாள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவள் அவ்வளவு வேகமாக வர முடியாது.

அவள் திரையைப் பார்த்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் மஞ்சள் கட்டத்தை மறுபடி அரையாக்கினாள். மேனேஜரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அடி பெரிசு, என் கணக்குக்கு அடி சின்னது, அதுதான் தகராறு என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் வருஷத்தில் என்ன வரும் என்று மீன்காரம்மா நேராக அவளையே கேட்டார். ‘உடனே’ தொண்டையைச் செருமினார். அவள் அவர் பக்கம் திரும்பாமல், மண் உறையும், தரை தூக்கும், ஹீட்டர் வேண்டும் என்று மூன்று வார்த்தையில் சொன்னாள்.

மீன்காரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ சொல்றது சரின்னு இந்தப் பெட்டி சொல்லுது. கொஞ்ச நேரம் முன்னால மண்ணுக்கடியில எரிமலை இருக்குன்னும் இதே பெட்டிதான் சொல்லுச்சு. பெட்டி சரின்னு யாரு சொல்றது?”

அது சரியான கேள்வி என்று எனக்கே பட்டது. கட்டத்தின் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. ஆனால் அவள் வெளியே போய், தன் மேஜை இழுப்பறையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்தாள்.

எங்கள் பட்டறைப் பின்கட்டில், வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக ஆறு வருஷம் முன்பு கட்டிய சின்னக் குளிரறை ஒன்று உண்டு. ஹீட்டர் இல்லாதது. தன் கணக்கைத் தானே சோதித்துக்கொள்ள அவள் அதைப் போன வருஷமே ஓட விட்டுப் பார்த்திருக்கிறாள். தரை தூக்கியிருக்க வேண்டும் என்று வந்தது. ஆனால் நடுவில் இல்லை. ஒரு பக்கம் கம்ப்ரெஸர் அறையின் சூடு இருப்பதால், மேடு எதிர்ப்பக்கமாக, கதவை நோக்கித் தள்ளியிருக்க வேண்டும். சரியாக எந்த இடம் என்று தாளில் குறித்திருந்தாள். ஆனால் அறை நிறைய அட்டைப்பெட்டி அடுக்கியிருந்ததால் போய்ப் பார்க்க முடியவில்லை. பெட்டிகளை எடுக்கச் சொல்ல டைப்பிஸ்டுக்கு ஏது அதிகாரம்?

‘உடனே’ அங்கேயே உத்தரவு போட்டார். அந்த அறைத் தரை கண்ணாடி மாதிரி சமம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அரை மணி நேரத்தில் பெட்டிகளெல்லாம் வெளியே வந்தன.

கதவைத் திறக்கக் கதவுக்காரர் தோளைக் கொடுத்து முட்ட வேண்டியிருந்தது. அந்தக் கதவு அடியில் இடிக்கிறது என்று அவர் மூன்று தடவை இழைத்திருக்கிறார், மூன்று தடவையும் ஒழுங்காக அளக்கவில்லை என்று விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். உள்ளே போட கம்பெனியில் இருந்தது நாலே நாலு கம்பளிக் கோட்டு. மீன்காரம்மா தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குளிர் அவருக்குப் பழக்கம்.

கட்டம் தாளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்து, சுவரிலிருந்து சாண் போட்டு அளந்து, ஒரு இடத்தில் மண்டியிட்டாள். பட்டறையிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஒரு பால்ரஸ் குண்டு வாங்கி வந்திருந்தாள். அந்த இரும்பு உருண்டையை அங்கே வைத்துக் கையை எடுத்தாள்.

குண்டு அசையவில்லை.

நாங்கள் எல்லோரும் குனிந்து நின்றோம். மூச்சு புகைபுகையாக வந்தது. குண்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

“பாத்தீங்களா, சொன்னேனே. தரை சமம்” என்றார் ‘உடனே’.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தச் சில வினாடிகளில் என்ன நினைத்தாய் என்று பிறகு கேட்டேன். வேலை போய்விடும் என்றெல்லாம் தோன்றவில்லையாம். இத்தனை நாள் இந்தக் கட்டங்கள் என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தனவா என்று ஒரு பெரிய வருத்தம் மட்டும் வந்ததாம். நெருங்கிய சொந்தக்காரர் ஏமாற்றியது தெரிந்தால் வருமே, அந்த வருத்தம்.

பிறகு மறுபடி தாளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் லேசாகச் சிரித்தாள்.

“நான்தான் தப்பா வச்சுட்டேன். மேட்டோட உச்சியிலேயே வச்சா அது எந்தப் பக்கம்னு போகும்?”

குண்டை எடுத்து ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி வைத்தாள். அது ஒரு கணம் யோசித்துவிட்டு வலப்பக்கம் உருண்டது. எடுத்து இடப்பக்கம் வைத்தாள், இடப்பக்கம் உருண்டது. கதவைப் பார்த்து வைத்தாள், நேராகக் கதவுக்காரரின் செருப்பில் போய் முட்டியது. அவர் அதைக் கையில் எடுத்து, தொலைந்த மோதிரம் கிடைத்தவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீன்காரம்மா அதை வாங்கி, தன் பங்குக்குத் தூண் போலக் கனத்த காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, பத்துப் பன்னிரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். எங்களுக்குப் பல் கிட்டியது. அவருக்கு விளையாட்டு முடிய மனமில்லை.

வெளியே வந்ததும் ஹீட்டர் போட வேண்டும், கணக்குத் தாள் இவள் கையெழுத்தோடு தனக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கட்டம் கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே நின்றாள். குளிர் என்றாள். வெயிலில் நின்று டீ குடித்த பிறகும் அதைக் கழற்றவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். பெரிய அடி வைத்தால் கணக்கு எப்படிக் கெடும் என்பதை வாடிக்கையாளருக்குப் புரிய வைக்கத் தானே வேண்டுமென்று பத்து என்று போட்டதாக ‘உடனே’ மேலிடத்தில் சொன்னார். ஒரு வாரத்தில் அதை அவரே நம்பியும்விட்டார். அந்தப் பெண்ணைத் தானே வளர்த்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டார். வளர்த்துவிட்டவர் பெயர் கெடக் கூடாதல்லவா, அவளுக்கு வெப்பக் கணக்குப் போடுகிற பதவி வந்தது. கதவுக்காரர் தன் மூன்று விளக்கக் கடிதங்களையும் கேட்டு வாங்கி, சாப்பாட்டு அறையில் உரக்கப் படித்தார். மூன்றாவது கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்ததைத் தானே கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டார்.

மீன்காரம்மாவின் அறை ஹீட்டரோடு எழும்பியது. கட்டத்துக்கு இன்னொரு ஆசை இருந்தது. தரை போடுவதற்கு முன் மண்ணுக்குள் பன்னிரண்டு வெப்பமானிகளைப் புதைக்கச் சொன்னாள். மாதாமாதம் போய் அந்த எண்களைக் குறித்து வந்து, தன் கட்டங்களோடு ஒப்பிடுவாள். அரை டிகிரிக்குள் ஒத்துப்போனால் அன்றைக்கு எங்களுக்கு அவள் செலவில் டீ.

நாலாம் மாதம் ஏழாம் எண் வெப்பமானி தகராறு செய்தது. பின்சுவரோரம் புதைத்தது. கணக்கைவிட மூன்று டிகிரி சூடு. முதலில் வெப்பமானியைச் சந்தேகித்தாள், பழுதில்லை. பிறகு தன்னையே சந்தேகித்து, வீட்டில் இரண்டு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாத்தனார் என் வீட்டுக்கே வந்து முறையிட்டாள். கடைசியில் கணக்கைப் பின்னாலிருந்து போட்டாள். ஏழாம் எண்ணில் மூன்று டிகிரி ஏற வேண்டுமானால், எந்த இடத்தில், எவ்வளவு சூடு இருக்க வேண்டும்? பின்சுவருக்கு வெளியே, நாலடி தள்ளி, தினமும் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் யாரோ வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று வந்தது.

என்னையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனாள். கம்ப்ரெஸருக்குப் பின்னால் பழைய தகரங்களை வைத்து யாரோ ஒரு மறைப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது. கம்ப்ரெஸரின் சூடான குழாயைச் சுற்றித் தண்ணீர்க் குழாயை வளைத்து, மீன் இறக்குகிற ஆட்கள் தங்களுக்கு ஒரு வெந்நீர்க் குளியலறை செய்துகொண்டிருந்தார்கள். தலை ஈரத்தோடு வெளியே வந்த நாலு பேர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். அதில் மூத்தவர் சொன்னார், முதலாளியம்மாவிடம் குளியலறை கேட்டபோது இடமில்லை என்று சொல்லிவிட்டார், மீன் வாடையோடு பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

கட்டம் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் குளிப்பார்கள், ஆளுக்கு எத்தனை வாளி, கை பொறுக்கிற சூடா, கொஞ்சம் அதிகமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பயத்தில் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். அன்றே அந்தக் குளியலையும் தன் கட்டங்களில் சேர்த்தாள். ஏழாம் எண் அரை டிகிரிக்குள் வந்து உட்கார்ந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னபோது, அந்த நிறுத்தத்தில் ஏறுகிற ஆட்களிடம் நாலு மாதமாகச் சோப்பு வாசனை வருகிறது, யாருக்கோ கல்யாணம் என்று தான் நினைத்ததாக அவர் சொன்னாராம். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அவளுக்கே ஆச்சரியம்.

அறிக்கையில் அவள் எழுதியது ஒரே வரி: ‘ஏழாம் எண்: உள்ளூர் வெப்பம். தரைக்கு நல்லது. அகற்ற வேண்டாம்.’

மீன்காரம்மா அறிக்கை முழுவதையும் எங்கள் எதிரிலேயே படித்தார். ஏழாம் எண்ணுக்கு வந்ததும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கட்டத்தைப் பார்த்தார்.

“இந்த உள்ளூர் வெப்பம் சோப்பு தேய்ச்சுக் குளிக்குதா, இல்ல வெறும் தண்ணியா?”

கட்டம் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“அது கணக்குல வராதுங்க” என்றாள்.

மீன்காரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதம் அளவெடுக்கப் போனபோது தகர மறைப்பு இருந்த இடத்தில் செங்கல் சுவர் பாதி எழும்பியிருந்தது. குளியலறை பெரிதாகிவிட்டதால் குளிக்கிறவர்கள் எண்ணிக்கை கூடும் என்று அவள் நோட்டை எடுத்துக்கொண்டு கொத்தனாரிடம் அகலம் கேட்கப் போனாள்.